குடல் அழற்சி நோயோடு ஹெபடைடிஸ் பி-யும் இருந்தால்: எதை முதலில் செய்வது, எதைக் கவனிப்பது

குடல் அழற்சி நோயின் இரு வகைகளான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன்ஸ் இரண்டிலும் நோய் எதிர்ப்பு சக்தி சொந்தக் குடலையே புண்ணாக்குகிறது. அதனால்தான் இந்நோய்களுக்குத் தரப்படும் வலுவான மருந்துகள் எல்லாமே எதிர்ப்பு சக்தியைத் தணிப்பவை. சிக்கல் என்னவென்றால், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கல்லீரலுக்குள் அடக்கி வைத்திருப்பதும் அதே எதிர்ப்பு சக்திதான். காவலுக்கு நிற்பவரைத் தூங்க வைத்துவிட்டால் உள்ளே இருப்பவன் எழுந்துகொள்வான். பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்த வைரஸ், ஸ்டீராய்டு தொடங்கிய சில வாரங்களில் பெருகி, கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாம். கல்லீரல் செயலிழந்து உயிர் போனதும் உண்டு.

இது பெரும்பாலும் தடுக்கக்கூடியது. வைரஸை அடக்கும் மாத்திரை (இனி 'வைரஸ் மாத்திரை') தினம் ஒன்று, சரியான நாளில் தொடங்கினால் போதும். நடைமுறையில் தவறுவது அந்த வரிசையில்தான். குடலைப் பார்க்கும் மருத்துவருக்குக் கல்லீரல் ரிப்போர்ட் தெரிவதில்லை. கல்லீரலைப் பார்ப்பவருக்கு ஸ்டீராய்டு தொடங்கியது தெரிவதில்லை. இருவருக்கும் நடுவில் எல்லா நாளும் இருப்பவர் நோயாளி மட்டுமே. புதிதாக இந்த இரட்டை நோயோடு வாழத் தொடங்குபவரும் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டியவை கீழே. மருந்தளவுகள் வழக்கமாகப் பெரியவர்களுக்குத் தருபவை. உங்களுக்கான அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் வேலை: ஸ்டீராய்டுக்கு முன் ரத்தப் பரிசோதனை

குடல் அழற்சி என்று தெரிந்த அன்றே, மருந்து எதுவானாலும், மூன்று பரிசோதனைகள் எடுத்துவிட வேண்டும்.

1. எச்பிஎஸ்ஏஜி. வைரஸ் இப்போது உடலில் இருக்கிறதா என்று காட்டும்.
2. ஆன்டி-எச்பிசி டோட்டல். வைரஸ் எப்போதாவது உள்ளே வந்துபோனதா என்று காட்டும்.
3. ஆன்டி-எச்சிவி. ஹெபடைடிஸ் சி-க்கு.

இவற்றோடு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (இரண்டும் கல்லீரல் சேதமானால் ரத்தத்தில் ஏறுபவை), பிலிருபின், அல்புமின், அல்கலைன் பாஸ்பட்டேஸ் அடங்கிய கல்லீரல் பரிசோதனை, ரத்த அணுக்கள், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் புரோத்ராம்பின் நேரம்.

இரண்டாவது பரிசோதனைதான் அதிகம் விடுபடுவது. "எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், பிரச்சினை இல்லை" என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒருமுறை தொற்றி ஆறியவரின் கல்லீரல் அணுக்களின் கருவுக்குள்ளும் வைரஸின் மரபணு வட்ட வடிவத்தில் தங்கியே இருக்கும். எதிர்ப்பு சக்தி வெகுவாக இறங்கினால் அங்கிருந்தே மறுபடி கிளம்பும். லேபில் சீட்டு கொடுக்கும்போது 'டோட்டல்' என்று சொல்லிக் கேளுங்கள். 'ஐஜிஎம்' என்பது புதிய தொற்றைக் காட்டும் வேறு பரிசோதனை, அதை எடுத்துவிட்டுத் திருப்தியடையக் கூடாது. இன்னொன்று: அண்மையில் ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி ஊசி) ஏற்றியிருந்தால், கொடுத்தவரின் ஆன்டிபாடி உங்கள் ரத்தத்தில் கலந்து ஆன்டி-எச்பிசி பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். குடலில் ரத்தம் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் இந்நோயில் ஏராளம் என்பதால், ஏற்றுவதற்கு முன்பே பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வைப்பது நல்லது.

எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் அடுத்து எச்பிவி டிஎன்ஏ (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளப்பது), எச்பிஇஏஜி (வைரஸ் வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டுவது), வயிற்று அல்ட்ராசவுண்ட், கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். ஃபைப்ரோஸ்கேனுக்கு 3 மணி நேரம் வெறும் வயிறு. எஸ்ஜிபிடி மிக உயர்ந்திருக்கும்போது எடுத்தால் வீக்கத்தையே தழும்பாகக் காட்டிவிடும். "சிரோசிஸ்" (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) என்று எழுதி வந்து குடும்பமே கலங்கும். எஸ்ஜிபிடி இறங்கியபின் மீண்டும் எடுத்துப் பார்க்காமல் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

கடும் தாக்குதலில் மருத்துவமனைக்கு வந்தவருக்கு மட்டும் வரிசை மாறும். ஒரு நாளில் 6 முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு பேதி, அதோடு நாடி 90-க்கு மேல், காய்ச்சல், ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழ் என்பவற்றில் ஒன்றாவது இருந்தால் ஸ்டீராய்டை நிறுத்தி வைக்கக் கூடாது, குடல் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. அங்கே வழக்கமாக ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மி.கி. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியில் போகும். எச்பிஎஸ்ஏஜி முடிவு சில மணி நேரத்தில் வந்துவிடும். பாசிட்டிவ் என்றால் அன்றே வைரஸ் மாத்திரை. டிஎன்ஏ முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, அதற்கான ரத்தத்தை மட்டும் மாத்திரைக்கு முன் எடுத்து வைத்தால் சரி.

டிஎன்ஏ ரிப்போர்ட்டில் ஏமாறும் இடம்

ஒரே வைரஸ் அளவு மூன்று விதமாக அச்சாகி வரும்: ஐயு/மி.லி. (சர்வதேச அலகு), காப்பீஸ்/மி.லி., லாக் (பத்தின் அடுக்காகச் சொல்வது). 1 ஐயு என்பது ஏறக்குறைய 5 காப்பீஸ். போன முறை ஒரு லேபில் 2,000 ஐயு, இந்த முறை இன்னொரு லேபில் 10,000 காப்பீஸ் என்றால் வைரஸ் ஏறவே இல்லை. 3.3 லாக் என்பதும் அதே 2,000தான். பயந்துபோய் மருந்தை மாற்றும் முன் அலகைப் பாருங்கள். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

உண்மையான கிளர்ச்சி, அதாவது வைரஸ் மறுபடி கிளம்புவது, என்றால் டிஎன்ஏ பழைய அளவிலிருந்து 100 மடங்காவது ஏறியிருக்கும் (லாக் கணக்கில் 2), அல்லது முன்பு 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தது 1,000 ஐயு-வைத் தாண்டியிருக்கும். டிஎன்ஏ ஏறிச் சில வாரங்கள் கழித்துத்தான் எஸ்ஜிபிடி ஏறும். அதற்கும் பிறகுதான் கண் மஞ்சளாகும். கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று இருப்பவர் கடைசிக் கட்டத்தில்தான் கண்டுபிடிப்பார்.

எந்தக் குடல் மருந்து வைரஸை எவ்வளவு கிளப்பும்

குடலின் அழற்சியை அங்கேயே தணிக்கும் மெசாலமின் எதிர்ப்பு சக்தியை அடக்குவதில்லை. மாத்திரை, எனிமா, சப்போசிட்டரி எதுவானாலும் வைரஸ் விஷயத்தில் கவலை இல்லை. இலேசான, நடுத்தரமான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர் மெசாலமினை முழு அளவில், விடாமல் எடுத்தாலே பல நேரம் ஸ்டீராய்டை தவிர்க்கலாம். கல்லீரல் தொற்றும் உள்ளவருக்கு இந்த ஒழுங்கு இரட்டிப்பு முக்கியம். 2.4 முதல் 4.8 கிராம் வரை வாய்வழி, கூடவே இரவில் ஆசனவாய் வழி 1 கிராம் சப்போசிட்டரி அல்லது 4 கிராம் எனிமா. வாய்வழி மட்டும் எடுத்து "கேட்கவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு எனிமா சேர்த்ததும் கேட்கிறது. கூச்சத்தால் எனிமாவை விட்டுவிட்டு ஸ்டீராய்டில் போய் நிற்பது நல்ல பேரம் அல்ல.

ஸ்டீராய்டுதான் முக்கியக் குற்றவாளி. எதிர்ப்பு சக்தியை அடக்குவது ஒருபுறம், வைரஸின் மரபணுவிலேயே ஸ்டீராய்டு ஒட்டிக்கொண்டு பெருக்கத்தைத் தூண்டும் ஓர் இடம் இருப்பது இன்னொருபுறம். வாய்வழி ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் 20 மி.கி.க்கு மேல் 4 வாரம் என்பதை ஆபத்தின் எல்லையாகப் பரவலாகச் சொல்வார்கள். 10 மி.கி.க்கு மேலேயே எச்சரிக்கை தேவை. வழக்கமான ஒரு சுற்றை எண்ணிப் பாருங்கள்: 40 மி.கி.யில் தொடங்கி வாரம் 5 மி.கி. குறைத்தால் 40, 35, 30, 25, 20 என்று 5 வாரம் அந்த எல்லையிலும் அதற்கு மேலும் கழிகிறது. ஆக, "ஒரே ஒரு கோர்ஸ்தானே" என்ற எண்ணத்துக்கே இடமில்லை. குறைக்கும் கட்டத்திலும் கண் வேண்டும். அடங்கியிருந்த எதிர்ப்பு சக்தி திரும்பி வந்து, பெருகிக் கிடக்கும் வைரஸைத் தாக்கும்போதுதான் கல்லீரல் அதிகம் சேதமாகிறது.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஊசி மருந்துகளான இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஆகியவையும் வைரஸை எழுப்பக்கூடியவை. எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் உள்ளவருக்கு வைரஸ் மாத்திரை இல்லாமல் இவற்றின் முதல் ஊசி போடவே கூடாது. டோஃபாசிடினிப் போன்ற மாத்திரைகளுக்கும் அதே விதி. வெடோலிசுமாப் பெரும்பாலும் குடலோடு நின்றுவிடுவதால் ஆபத்து குறைவு, விலை கட்டுபடியானால் இவர்களுக்குப் பொருத்தமான தேர்வு. எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் மாத்திரையான அசதயோபிரின் தனியாக எடுத்தால் ஆபத்து குறைவுதான், ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்சிமாபோ சேர்ந்தால் கூடும். அசதயோபிரினுக்கு இன்னொரு பக்கமும் உண்டு: நம் நாட்டினரில் என்யுடிடி15 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு வெள்ளணுக்கள் திடீரென விழும், முடி கொத்தாகக் கொட்டும். தொடங்கும் முன் அந்தப் பரிசோதனை எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் 2, 4, 8, 12-ஆம் வாரங்களில் ரத்த அணுப் பரிசோதனை தவறக் கூடாது.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை இந்தக் கூட்டத்தில் சேர்க்காமல் இருப்பதே மேல். அது நேரடியாகக் கல்லீரலைக் கெடுக்கும், தழும்பும் உண்டாக்கும். வேறு வழி இருக்கும்போது ஏற்கெனவே வைரஸ் இருக்கும் கல்லீரலுக்கு அதைக் கொடுக்க நியாயம் இல்லை.

ஆன்டி-எச்பிசி மட்டும் பாசிட்டிவ், எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் என்பவருக்கு எல்லா மருந்துக்கும் வைரஸ் மாத்திரை தேவைப்படாது. 3 மாதத்துக்கு ஒருமுறை எஸ்ஜிபிடி, எச்பிஎஸ்ஏஜி, டிஎன்ஏ பார்த்து வந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் அந்தக் கண்காணிப்பு உண்மையில் நடக்க வேண்டும். ஊரிலிருந்து மருத்துவமனைக்கு வர அரை நாள் ஆகும், இடையில் வர மாட்டார் என்று தெரிந்தால், அவருக்கும் மாத்திரையே பாதுகாப்பு. இதை வெட்கமில்லாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வைரஸ் மாத்திரை: மூன்றில் எது

என்டகாவிர் 0.5 மி.கி., டெனோஃபோவிர் டிஎஃப் 300 மி.கி., டெனோஃபோவிர் ஏஎஃப் 25 மி.கி. மூன்றும் நாளுக்கு ஒன்று, மூன்றும் வைரஸை நன்றாக அடக்கும். பழைய லாமிவுடினை யாராவது எழுதினால் காரணம் கேளுங்கள். ஓராண்டிலேயே 5-இல் ஒருவருக்கு வைரஸ் அதற்குப் பழகிப்போகிறது. குடல் நோய்க்கான சிகிச்சையோ பல ஆண்டு நீள்வது. முன்பு லாமிவுடின் எடுத்தவருக்கு என்டகாவிரும் சரியாக வேலை செய்யாமல் போகலாம், அவர்களுக்கு டெனோஃபோவிர்.

தேர்வில் குடல் நோய் நுழையும் இடம் இது: டெனோஃபோவிர் டிஎஃப் சிறுநீரகத்தையும் எலும்பையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிக்கக்கூடியது. ஸ்டீராய்டும் எலும்பைத் தேய்க்கும். மெசாலமின் அபூர்வமாகச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தினமும் பேதியாகி உடலில் நீர் வற்றியிருப்பவருக்கு சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். இவை எல்லாம் ஒருவரிடமே சேரும்போது என்டகாவிர் அல்லது டெனோஃபோவிர் ஏஎஃப் நல்லது. டிஎஃப்தான் கிடைக்கிறது என்றால் பாதகமில்லை, மாத்திரையே இல்லாமல் இருப்பதைவிட அது எத்தனையோ மேல். 3 மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரம் இல்லாதபோது குடல் மருந்துக்கு 2 வாரம் முன்பே இதைத் தொடங்குவது வழக்கம். டிஎன்ஏ மிக அதிகமாக இருந்தால், முடிந்தவரை அது இறங்கியபின் இன்ஃப்ளிக்சிமாப் போடலாம்.

செலவைப் பற்றி: மத்திய அரசின் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-இல் தொடங்கியது. அதன் சிகிச்சை மையங்களில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். குடலுக்குத் தனியார் மருத்துவமனையில் பார்ப்பவரும் வைரஸ் மாத்திரையை இங்கே வாங்கலாம். பணம் தீர்ந்து மாத்திரை நின்றுபோவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து என்பதால் இதை முதல் மாதமே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

ஒரு நாளின் மருந்து நேரம்

என்டகாவிருக்கு வெறும் வயிறு வேண்டும்: சாப்பிட்டு 2 மணி நேரத்துக்குப் பின், அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரத்துக்கு முன். பால் காபியும் சாப்பாட்டுக் கணக்குதான். காலையில் எழுந்ததும் காபி இல்லாமல் முடியாது என்பவர் இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு, 10 மணிக்கு மேல் மாத்திரை போட்டுப் படுத்துவிடலாம். டெனோஃபோவிர் ஏஎஃப் இதற்கு நேர் எதிர், சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். டிஎஃப் எப்படியும் எடுக்கலாம்.

பிரெட்னிசோலோன் முழு அளவும் காலைச் சிற்றுண்டிக்குப் பின் ஒரே வேளையில். மாலையில் எடுத்தால் தூக்கம் போய்விடும். மெசாலமின் மாத்திரையை அதோடு சேர்த்தே எடுக்கலாம், உடைக்கவோ கடிக்கவோ கூடாது, குடலில் போய்க் கரைவதற்கென்றே மேலே பூச்சு இருக்கிறது. கால்சியம், விட்டமின் டி மதியச் சாப்பாட்டோடு. அசதயோபிரின் குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின். எனிமா கடைசியில், மலம் கழித்துவிட்டு, இடப்பக்கம் சாய்ந்து படுத்து, மெதுவாக. குளிராக இருந்தால் குடல் சுருங்கி உடனே வெளியே தள்ளிவிடும், பாட்டிலைச் சற்று நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுங்கள்.

வைரஸ் மாத்திரையை மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்ததும் போடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு வார மாத்திரை கைப்பையில் கூடுதலாக இருக்கட்டும்.

எஸ்ஜிபிடி ஏறிவிட்டது: என்ன அர்த்தம்

முதல் 3 மாதம் மாதம் ஒருமுறையும், பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறையும் எஸ்ஜிபிடி பார்க்க வேண்டும். டிஎன்ஏ 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. எண் ஏறியிருந்தால் உடனே "வைரஸ்" என்றோ "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்றோ முடிவு கட்டுவது தவறு. ஏறியதன் காரணத்தை டிஎன்ஏ-தான் பிரித்துக் காட்டும்.

டிஎன்ஏவும் சேர்ந்து ஏறியிருந்தால் கிளர்ச்சி. அப்போது முதல் கேள்வி மாத்திரையை உண்மையில் எடுத்தாரா என்பது. திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். "10 நாள் விட்டுவிட்டேன்" என்ற உண்மை, தேவையில்லாமல் மருந்தை மாற்றுவதைத் தடுக்கும்.

டிஎன்ஏ அடங்கியே இருந்தால் வேறு இடத்தில் தேடவேண்டும். அசதயோபிரின் கல்லீரலைப் பாதிக்கலாம், அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ இறங்கும். இன்ஃப்ளிக்சிமாப் சிலருக்குத் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியைக் கிளப்பும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்து எடை கூடியவருக்குக் கொழுப்புக் கல்லீரல். தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் நம் ஊரில் இருக்கவே இருக்கின்றன.

எஸ்ஜிபிடி அதிகம் ஏறாமல் பித்தம் தடைப்பட்டால் ஏறும் அல்கலைன் பாஸ்பட்டேஸும் ஜிஜிடியும் மட்டும் ஏறி நின்றால் அது வேறு கதை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸோடு சேர்ந்து வரும் பித்தக்குழாய்ச் சுருக்க நோய் ஒன்று உண்டு, பி.எஸ்.சி. என்பார்கள். வைரஸ் இருக்கிறது என்பதாலேயே எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டு, இதைப் பல ஆண்டு கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பித்தக்குழாயைப் படம் பிடிக்கும் எம்ஆர்சிபி ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். இருப்பது உறுதியானால் கொலோனோஸ்கோபி ஆண்டுக்கு ஒருமுறை தேவை, பெருங்குடல் புற்று ஆபத்து இவர்களுக்குக் கூடுதல். பி.எஸ்.சி. இல்லாதவருக்குக் கொலைட்டிஸ் தொடங்கி 8 ஆண்டு கழித்து அந்தக் கண்காணிப்பு தொடங்கும். கல்லீரல் பக்கத்தில், சிரோசிஸ் உள்ளவரும், 40 தாண்டிய ஆண்களும் 50 தாண்டிய பெண்களும் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும்.

கண் மஞ்சள், சிறுநீர் கடும் நிறம், வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய் புரோத்ராம்பின் நேரமும் பார்க்க வேண்டும்.

மறுபுறம், பேதி கூடினால் அது எப்போதும் குடல் நோய் கிளம்பியதாக ஆகாது. ஸ்டீராய்டைக் கூட்டும் முன் மலத்தில் சி. டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவின் நச்சு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தேவையில்லாத ஒரு சுற்று ஸ்டீராய்டு குறைந்தால் கல்லீரலுக்கு அத்தனை லாபம்.

வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வேண்டாம். குடலைக் கிளப்பும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் 500 மி.கி. போதும், கல்லீரல் கெட்டிருப்பவர் நாளுக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது. மது அறவே கூடாது.

டிபி மாத்திரை குறுக்கே வந்தால்

இன்ஃப்ளிக்சிமாப் தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரேவும், டிபிக்கான மாண்டூ (தோலில் போடுவது) அல்லது ஐஜிஆர்ஏ (ரத்தத்தில் பார்ப்பது) பரிசோதனையும் கட்டாயம். மறைந்திருக்கும் டிபி என்று வந்தால் ஐசோனியாசிட் தருவார்கள். கிரோன்ஸா குடல் டிபியா என்று பிரிக்க முடியாமல் முழு டிபி சிகிச்சையும் சிலருக்குத் தருவதுண்டு. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றும் கல்லீரலைத் தொடும் மருந்துகள். வைரஸை முதலில் அடக்கிவிட்டு இவற்றைத் தொடங்கினால் எஸ்ஜிபிடி ஏறும்போது குழப்பம் குறையும். தொடங்கியபின் 2 வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். குமட்டல், வாந்தியோடு எஸ்ஜிபிடி இயல்பின் உச்சத்தைவிட 3 மடங்கு, அல்லது அறிகுறியே இல்லாமல் 5 மடங்கு தாண்டினால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டெனோஃபோவிர் ஏஎஃப் ரத்தத்தில் போதாமல் போய்விடும், அந்தக் காலத்துக்கு டிஎஃப் அல்லது என்டகாவிர். டிபி மையத்தில் இதை நீங்களாகச் சொல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கீழாநெல்லி, சீந்தில்

மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். இதற்கு ஓர் ஆய்வு வரலாறும் இருக்கிறது. 1988-இல் சென்னையில் நடந்த ஆய்வில், கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்ததாக லான்செட் இதழில் வெளிவந்து உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு பிற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே வைரஸ் மாத்திரைக்குப் பதிலாகக் கீழாநெல்லி என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர் அந்தப் பரீட்சையில் இறங்கினால் இழப்பது கல்லீரலை.

சீந்தில் பொடி, கஷாயம் இன்னும் கவனம். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் குடித்தவர்களுக்குத் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி வந்ததை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். எதிர்ப்பு சக்தி தாறுமாறாக ஓடுவதே உங்கள் குடல் நோய் எனும்போது, அதைத் தூண்டும் எதுவும் உங்களுக்கானது அல்ல. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் பாக்கெட்டையே எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில்

சேர்ந்து சாப்பிடுவதால், ஒரே தட்டில் எடுப்பதால், தொடுவதால், இருமுவதால் பி வைரஸ் பரவாது. தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைப்பதில் எந்த மருத்துவமும் இல்லை, நோயாளியின் மனம் புண்படுவதுதான் மிச்சம். ரத்தமும் உடலுறவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதும்தான் வழி. வீட்டில் எல்லோருக்கும் எச்பிஎஸ்ஏஜி பார்த்து, இல்லாதவர்களுக்கு 0, 1, 6 மாதம் என்று 3 தடுப்பூசி போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது. சவர பிளேடு, பல் தேய்க்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனி.

குடல் நோய் சேரும்போது கூடுதலாக ஒன்று: மலத்தில் ரத்தம் போகிறவர். உலர்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் 7 நாளாவது உயிரோடிருக்கும். கழிப்பறையில் ரத்தம் தெறித்திருந்தால் கையுறை போட்டுத் துடைத்துவிட்டு, 1 லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிடோடு இதைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். எனிமா முனையைக் கட்டிக் குப்பையில் போடுங்கள். அடாலிமுமாப் ஊசியை வீட்டில் போட்டுக்கொள்பவர் பயன்படுத்திய ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்து மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் இரண்டு நோய்க்கும் சேர்த்துப் பெரிய பத்தியம் எதுவும் கிடையாது. தாக்குதல் நேரத்தில் பச்சைக் காய்கறி, கொட்டை, பால் குறைத்து இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், மோர், முட்டை, மீன் என்று புரதம் குறையாமல் பாருங்கள். அடங்கியபின் வழக்கமான வீட்டுச் சாப்பாடு.

பி அல்ல, சி என்றால்

ஹெபடைடிஸ் சி-யின் நிலைமை எளிது, ஏனென்றால் அதை அடியோடு குணமாக்க முடியும். சோஃபோஸ்புவிர் 400 மி.கி., வெல்பாடஸ்விர் 100 மி.கி. சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, வழக்கமாக 12 வாரம். முடித்து 12 வாரம் கழித்து ரத்தத்தில் வைரஸின் ஆர்என்ஏ இல்லை என்றால் குணம். குடல் மருந்தோடு சேர்த்தே எடுக்கலாம். குடல் நோயைக் கிளப்பக்கூடிய பழைய இன்டர்ஃபெரான் ஊசிக்கு இன்று தேவை இல்லை. மூன்று எச்சரிக்கைகள்: பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையும் ஆன்டாசிட் சிரப்பும் வெல்பாடஸ்விரை உடலில் சேரவிடாது, ஸ்டீராய்டோடு வழக்கமாக எழுதித் தரும் அந்த மாத்திரை உண்மையில் தேவையா என்று கேளுங்கள். ரிபாவிரின் சேர்க்க வேண்டி வந்தால் அசதயோபிரினோடு ஆகாது, ரத்த அணுக்கள் எல்லாம் விழும். சி-க்கு மருந்து தொடங்கும் முன் பி-யும் பார்த்தாக வேண்டும், சி அடங்கும்போது பி கிளம்புவது தெரிந்த விஷயம்.

கர்ப்பம் என்றால்

மெசாலமின், அசதயோபிரின், இன்ஃப்ளிக்சிமாப் தொடரலாம். மெத்தோட்ரெக்சேட்டும் டோஃபாசிடினிபும் கூடாது. வைரஸுக்கு டெனோஃபோவிர் டிஎஃப்தான் கர்ப்பத்தில் அதிகம் பழகிய மருந்து, என்டகாவிர் எடுப்பவர் திட்டமிடும்போதே மாறிவிட வேண்டும். ஏற்கெனவே மாத்திரை எடுக்காதவருக்கு டிஎன்ஏ 2 லட்சம் ஐயு-வுக்கு மேல் இருந்தால் 28-ஆம் வாரத்திலிருந்து.

பிரசவ அறையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் அவசியம். ஆனால் தாய் கர்ப்ப காலத்தில் இன்ஃப்ளிக்சிமாப் அல்லது அடாலிமுமாப் எடுத்திருந்தால், அதே நேரத்தில் வழக்கமாகப் போடும் பிசிஜி (டிபி தடுப்பூசி) கூடாது. மருந்து தொப்புள்கொடி வழியே குழந்தையின் உடலிலும் இருக்கும். பிசிஜி உயிருள்ள கிருமி, பரவிக் குழந்தை இறந்த நிகழ்வும் பதிவாகியிருக்கிறது. குறைந்தது 6 மாதம் தள்ளிப்போட வேண்டும், இப்போது 12 மாதம் என்றும் சொல்கிறார்கள். வாய்வழிச் சொட்டு மருந்துகளில் எதைத் தரலாம் என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். "பி ஊசி போடுங்கள், பிசிஜி வேண்டாம்" என்று ஒரு தாளில் எழுதி, மகப்பேறு மருத்துவரின் கையெழுத்தோடு கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். செவிலியர் மாறினாலும் அந்தத் தாள் இருக்கும். தடுப்பூசி போட்டபின் தாய்ப்பால் கொடுக்கலாம்.

வைரஸ் மாத்திரையை எப்போது நிறுத்துவது

குடல் அடங்கிவிட்டது, ஸ்டீராய்டு முடிந்தது, இனி எதற்கு இந்த மாத்திரை என்று தாமாக நிறுத்துபவர்களுக்குத்தான் பல நேரம் காமாலை வருகிறது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் கடைசி மருந்தின் கடைசி நாளிலிருந்து 12 மாதம் கழித்தே நிறுத்துவதைப் பற்றிப் பேச வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் நின்று அசதயோபிரின் தொடர்ந்தால் கணக்கு இன்னும் தொடங்கவில்லை என்று பொருள்.

அதோடு, மாத்திரை எதற்காகத் தொடங்கியது என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வைரஸ் கிளம்பாமல் தடுக்க மட்டும் என்றால் மேலே சொன்ன கணக்கு. தொடங்கும்போதே டிஎன்ஏ 2,000 ஐயு-வுக்கு மேலும் எஸ்ஜிபிடி உயர்ந்தும் இருந்தாலோ சிரோசிஸ் இருந்தாலோ அது கல்லீரலுக்கான நேரடிச் சிகிச்சை, குடல் மருந்து நின்றாலும் இது நிற்காது. நிறுத்தியவர்கள் முதல் 3 மாதம் மாதாமாதமும், பிறகு ஓராண்டு முடியும் வரை 3 மாதத்துக்கு ஒருமுறையும் எஸ்ஜிபிடியும் டிஎன்ஏவும் பார்க்க வேண்டும். அந்த ஓராண்டுக்குள் குடல் மறுபடி கிளம்பி ஸ்டீராய்டு தேவைப்பட்டால், வைரஸ் மாத்திரையும் அன்றே திரும்பத் தொடங்கும்.